அதிக அளவு இபுப்ரோஃபென் சிகிச்சை

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயுள்ள சிறுவர்களின் நுரையீரல் சிதைவை மெதுவாக்க, காய்ச்சலுக்குக் கொடுக்கும் இபுப்ரோஃபெனை அதைவிட இரண்டு மூன்று மடங்கு அளவில் ஆண்டுக்கணக்கில் கொடுக்கும் முறை இது. நாள்பட்ட நுரையீரல் நோய்க்குச் சாதாரண வலிநிவாரணி ஒன்று உதவக்கூடும் என்பதற்கு நீண்டகாலச் சோதனைகளின் ஆதாரம் உள்ள அரிய உதாரணமும் இதுதான்.

இபுப்ரோஃபெனை இங்கிலாந்தின் நாட்டிங்காமில், பூட்ஸ் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் ஆடம்ஸும் ஜான் நிக்கல்சனும் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். முடக்குவாதத்துக்கு மருந்து தேடியபோது கிடைத்தது அது. 1969இல் புரூஃபென் என்ற பெயரில் அங்கே விற்பனைக்கு வந்தது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில், 1989இல் கண்டுபிடிக்கப்பட்ட சிஎஃப்டிஆர் என்ற மரபணு பழுதுபட்டிருக்கும். அதனால் மூச்சுக்குழாய்ச் சளி பிசின்போல இறுகுகிறது. கிருமிகள் அதில் தங்கிவிடுகின்றன. அவற்றை அழிக்க நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் திரளாக வருகின்றன. உண்மையில் பெருஞ்சேதம் செய்பவை இந்தக் காவல் அணுக்களே. அவை கக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி மூச்சுக்குழாயின் சுவரையே அரிக்கிறது. செத்த அணுக்களின் டிஎன்ஏ சளியை மேலும் கெட்டியாக்குகிறது. அழற்சியை அடக்கினால் நுரையீரல் பிழைக்கும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் எழுந்தது. முதலில் ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலுக்கு நன்மை இருந்தாலும், குழந்தைகளின் உயரம் தடைப்பட்டது. ரத்தச் சர்க்கரையும் கெட்டது. வளரும் பிள்ளைக்கு அந்த விலை மிக அதிகம்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கேல் கான்ஸ்டன் குழுவினர் நடத்திய சோதனையின் முடிவு 1995இல் வெளியானது. நோய் முற்றாத 85 பேருக்கு, நாளுக்கு இரு வேளை, நான்கு ஆண்டுகள் இபுப்ரோஃபெனோ வெற்று மாத்திரையோ கொடுக்கப்பட்டது. ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு வெற்று மாத்திரைக் குழுவில் ஆண்டுக்கு 3.60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது; இபுப்ரோஃபென் குழுவில் 2.17 மட்டுமே. 13 வயதுக்கு உட்பட்டவர்களிடம் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கனடாவில் 142 சிறுவர்களிடம் இரண்டாண்டு நடந்த சோதனை 2007இல் வெளிவந்தது. ஒரே மூச்சில் முழுமையாக ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு இறங்குவதை மருந்து தடுத்தது என்று அது காட்டியது. முதன்மை அளவுகோலான ஒரு நொடிக் காற்றில் மட்டும் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை.

இந்தச் சிகிச்சையின் நுட்பமெல்லாம் அளவில் இருக்கிறது. ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராமுக்குள் நிற்க வேண்டும். 50ஐத் தாண்டினால் நியூட்ரோஃபில்களின் நடமாட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வாய் கொப்பளித்த நீரில் அணுக்களை எண்ணி இதைக் கண்டறிந்தார்கள். 50க்குக் கீழே நின்றால் நேர்மாறு: நடமாட்டம் கூடுகிறது. அரைகுறை அளவு பலனற்றது மட்டுமல்ல, கெடுதலும் ஆகலாம். ஒரே எடையுள்ள இரண்டு பிள்ளைகளின் உடல் மருந்தை ஒரே வேகத்தில் கையாளுவதில்லை என்பதால், கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால் போதாது. மாத்திரை விழுங்கிய அடுத்த மூன்று மணி நேரத்துக்குள் சில தடவை ரத்தம் எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவை நிர்ணயிக்கிறார்கள். எடை கூடியதும் மறுபடியும் ஊசி, மறுபடியும் பரிசோதனை.

வயிற்றில் ரத்தக்கசிவு அரிதென்றாலும் நேரக்கூடியது. டோப்ராமைசின் போன்ற அமினோகிளைகோசைடு மருந்துகள் நரம்பு வழியே ஏறும் நாட்களில், சிறுநீரகத்தைக் காக்க இபுப்ரோஃபெனை நிறுத்துகிறார்கள்.

நுரையீரல் இன்னும் நன்றாக இயங்கும், ஆறு வயது கடந்த பிள்ளைகளுக்கு இதை 2007இல் அமெரிக்க வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. ஆனாலும் அங்கேயே சிறு பகுதியினர்தான் இதைப் பெற்றார்கள். ரத்தப் பரிசோதனையின் தொல்லையும் ரத்தக்கசிவு பற்றிய அச்சமும் தடையாக நின்றன. 2012இல் ஐவாகாஃப்டரும் 2019இல் எலக்ஸாகாஃப்டர் அடங்கிய மூன்று மருந்துக் கூட்டும் வந்தபின், சிஎஃப்டிஆர் மரபணு உருவாக்கும் பழுதான புரதத்தையே சீராக்கும் வழி திறந்தது. அந்தக் கூட்டுமருந்தின் அமெரிக்கப் பட்டியல் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். அதை வாங்க வழியில்லாத குடும்பங்களை எண்ணும்போது, மலிவான இந்தப் பழைய மாத்திரையைக் கைவிட மனம் வருவதில்லை. மாத்திரை எளிதில் கிடைக்கும். ரத்தத்தில் அதன் அளவைக் கணக்கிடும் ஆய்வக வசதிதான் அரிது.

புகைப்பழக்கத்தால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு இந்தப் பலனை நீட்டிப் பார்க்க ஆதாரம் இல்லை. ஆஸ்பிரின் ஒவ்வாமையுள்ள ஆஸ்துமாக்காரர்களுக்கு இபுப்ரோஃபெனே கடும் மூச்சிறைப்பைக் கிளப்பிவிடும்.