வளர்ப்பு யானை: கோயிலும் சர்க்கஸும் (திருநெல்வேலி வட்டாரம்)

மனிதரின் கட்டுப்பாட்டில் வாழும் ஆசிய யானை வளர்ப்பு யானை எனப்படும். தாமிரபரணி ஆற்றுப் பகுதியில் அது பெரும்பாலும் கோயில் யானையாகவே அறியப்படுகிறது. நெல்லையப்பர் கோயில், ஆழ்வார்திருநகரி, ஆற்றின் கழிமுகத்துக்குத் தெற்கேயுள்ள திருச்செந்தூர் ஆகிய தலங்களில் யானைகள் வளர்க்கப்பட்டுள்ளன. ஆண் யானைக்குப் பருவந்தோறும் மதம், அதாவது கன்னச் சுரப்பியில் நீர் வடிந்து மூர்க்கம் மிகும் நிலை, உண்டாவதால் தமிழகக் கோயில்கள் பெண் யானைகளையே பெரிதும் விரும்புகின்றன.

முக்காலியில் அமர்வதும் பின்னங்கால்களில் நிற்பதும் சர்க்கஸ் யானையின் வேலை. ஆசி வழங்குவதும் சுவாமி புறப்பாட்டில் முன்செல்வதும் கோயில் யானையின் வேலை. நோக்கம் வேறாயினும் இரண்டையும் பணியவைப்பவை, பாகன் கையிலுள்ள கொக்கி முனைக் கோலாகிய அங்குசமும் காற்சங்கிலியுமே ஆகும். காட்டில் மண்மீது நெடுந்தொலைவு நடந்து திரியும் விலங்கு, கட்டுத்தறியில், அதாவது யானையைப் பிணைக்கும் இடத்தில், கல் தளத்தின்மீது நாள் முழுதும் நிற்க நேரும்போது உள்ளங்கால் புண்ணும் மூட்டு நோயும் உண்டாகின்றன. கூட்டமாக வாழும் இயல்புடைய அதற்குத் தனிமையும் ஒரு கேடே.

நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி இத்தகைய மூட்டு நோய்க்குத் தக்க சான்று. மூட்டு வலியால் அவதியுற்ற அதற்கு 2022இல் பக்தர்கள் தோல் செருப்புகள் செய்தளித்தனர். அன்பு குறையவில்லை, குறைந்தது மண்தரையே எனலாம். இறுதி நாட்களில் படுக்க இயலாமல் நின்றே உறங்கிய காந்திமதி, படுத்தபின் எழ முடியாமற்போகவே கிரேன் கொண்டு தூக்கப்பட்டு, 2025 ஜனவரி 12 அன்று இறந்தது. பாதிப்பு யானையோடு நிற்கவில்லை: அதற்கு முன்பு, 2024 நவம்பரில், திருச்செந்தூர் யானை தெய்வானை தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் உயிரிழந்தனர்.

சட்டம் சர்க்கஸ், கோயில் ஆகிய இரு களங்களையும் ஒரே அளவில் தொடவில்லை. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்குவதை 1998இல் மத்திய அரசு தடைசெய்து, உச்ச நீதிமன்றமும் 2001இல் அதை உறுதிசெய்தபோது, அப்பட்டியலில் யானை இல்லை. கோயில் யானைகளுக்காகத் தமிழக அரசு 2003இல் முதுமலையில் புத்துணர்வு முகாமைத் தொடங்கியது. வளர்ப்பு யானைகளின் இருப்பிடம், உணவு, மருத்துவம் குறித்த விதிகள் 2011இல் வந்தன. காட்டு யானைகளுக்கென, தாமிரபரணியின் தலைப்பகுதியிலுள்ள மலைகளை உள்ளடக்கிய அகத்தியமலை யானைகள் காப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டது. கோயில்களும் தனியாரும் இனிப் புதிதாக யானைகளைப் பெறக் கூடாதென்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2023இல் உத்தரவிட்டது.