புலியும் கயலும் வில்லும்



மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழா தொடங்கும் நாளன்று, கொடிமரத்தில் ஏறும் துணியில் விடையின் உருவம் எழுதப்பட்டிருப்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். விழா எப்பெருமானுக்குரியது என்பதை அவ்வுருவமே சொல்லிவிடுகிறது. எழுத்தறியாதவரும் படிக்கத்தக்க எழுத்து, கொடிச் சின்னம். பண்டைத் தமிழ் வேந்தரும் இவ்வெழுத்தையே கையாண்டனர். சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல், சேரர்க்கு வில் என்று தொடக்கப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். அச்சின்னங்கள் காலப்போக்கில் என்னென்ன பொருள் பெற்றன என்பதை இன்று ஆராய்வோம்.

போர்க்களத்தில் புழுதி எழும்போது தம் படை எது, மாற்றார் படை எது என்று அறியக் கொடி வேண்டியிருந்தது. சந்தையில் கைமாறும் காசு எவ்வரசனுடையது என்று அறியவும் ஒரு குறி வேண்டியிருந்தது. ஆகவே சங்க காலக் காசுகளில் சோழர் புலியையும், சேரர் வில்லையும் அம்பையும், பாண்டியர் மீன் வடிவையும் பொறித்தனர். நாளடைவில் சின்னமே குடிப்பெயரும் ஆயிற்று. பாண்டியரை மீனவர் என்றும், சேரரை வில்லவர் என்றும் புலவர் பாடினர்.

இனி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்வோம். 1905ஆம் ஆண்டில் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அங்கே உள்ளன. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தைச் சேர்ந்த அவை 31 ஏடுகள். அவற்றைக் கோத்த வளையத்தின் முத்திரையில் வெண்கொற்றக் குடையும் சாமரைகளும் விளங்க, புலி அமர்ந்திருக்கிறது. உடன் இரண்டு கயல்களும் ஒரு வில்லும் காணப்படுகின்றன. மூவேந்தர் ஒற்றுமையை இது காட்டுவதாக நினைக்கலாகாது. பாண்டியரையும் சேரரையும் வென்றுவிட்டோம் என்னும் அறிவிப்பே இம்முத்திரை. இராசேந்திரன் தன் மகனையே சோழ பாண்டியன் என்னும் பட்டத்துடன் மதுரையில் அமர்த்தி ஆளச் செய்தான்.

அவ்வாறாயின், தோற்றவர் சின்னம் அழிந்துபோயிற்றா? இல்லை. 1216இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோணாட்டின் மீது படையெடுத்து, தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். புலியின் அருகே அடங்கிக் கிடந்த கயல் மீண்டும் தலைநிமிர்ந்தது.

கடல்கடந்த நாடொன்றிலும் இவ்வுண்மையைக் காணலாம். பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸ் நாட்டின் கொடியில், வெண்மையும் பசுமையுமான நிலத்தின்மேல் செந்நிறப் பறவைநாகம் ஒன்று நிற்கிறது. செந்நாகம் பழங்குடிகளான பிரிட்டானியரையும், வெண்ணாகம் வந்தேறிய சாக்சானியரையும் குறிப்பதாக 9ஆம் நூற்றாண்டு நூலொன்று கதை கூறுகிறது. 1282இல் வேல்ஸ் இளவரசர் லூவெலின் கொல்லப்பட, அந்நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆயினும் 1485இல் வேல்ஸ் வழிவந்த ஹென்றி டியூடர் அந்நாகக் கொடியுடன் போரிட்டு இங்கிலாந்தின் மன்னரானார். பிரிட்டனின் ஒன்றியக் கொடியில் வேல்சுக்கு இடமில்லை. அந்நாகக் கொடியோ 1959இல் வேல்சின் கொடியாக முறைப்படி ஏற்கப்பட்டது. ஆட்சி போன பின்னும் மக்கள் நினைவில் வாழ்ந்ததே அதன் வலிமை.

நம் நாட்டிலும் அரச குலங்கள் மறைந்துவிட்டன. ஒரு காலத்தில் வெற்றிச் செருக்கை முழங்கிய மூன்று சின்னங்களும் இன்று சேர்ந்து நிற்கும்போது, தமிழகம் முழுவதையும் நமக்கு நினைவூட்டுகின்றன. உருவங்கள் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. தமிழ்நாட்டு அரசின் முத்திரையைப் பாருங்கள். கோயிற் கோபுரமும், அசோகரின் சிங்கத் தூணும், வாய்மையே வெல்லும் என்னும் வாசகமும் அதில் உள்ளன. மூவேந்தருள் எவரது வெற்றியையும் அது பேசவில்லை.

மாணவர்களே, எந்தக் கொடியைக் கண்டாலும் அதில் என்ன உருவம் இருக்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அதை யார் ஏந்தினர், யாரை நோக்கி ஏந்தினர், எக்காலத்தில் ஏந்தினர் என்றும் கேளுங்கள். அவ்வினாக்களிலிருந்தே வரலாற்றுக் கல்வி தொடங்குகிறது.