காணியர் முற்றத்துப் பச்சை

பொன்முடிக்குச் செல்வோர் முகில் தவழும் புல்வெளியைக் கண்டு மகிழ்ந்து மீள்வர். அதனைச் சூழ்ந்த அகத்தியமலைக் காடுகளில், மரநிழலில், ஓடைக்கரையின் ஈரத்தில், ஒரு சாண் அளவே உயரும் செடியொன்று உண்டு. மண்ணுள் கிடக்கும் கிழங்குத்தண்டால் அது பல்லாண்டு வாழும். அதன் கருஞ்சிவப்புச் சிறுபூக்கள் இலையடியில் மறைந்து மலர்வதால், குனிந்து தேடுவார்க்கே புலப்படும். தாவர நூலார் அதற்கு இட்ட பெயரில் இலங்கை இடம்பெற்றது. இம்மலைக்குரிய கிளையினத்தின் பெயரில் திருவாங்கூர் இடம்பெற்றது. செடியின் பயனை அறிந்திருந்த காணிக்காரர் பெயர் இரண்டிலும் இல்லை.

தமிழும் மலையாளமும் விரவிய மொழி பேசும் இப்பழங்குடியினர், நெடுவழி நடக்கையில் அதன் காயை மென்று களைப்பு நீங்குவர். 1987-இல் புஷ்பாங்கதன் முதலிய அறிஞர்கள் மலையேறியபோது, வழிகாட்டிய காணியர் மட்டும் சோர்வின்றி நடந்தமை கண்டு வியந்தனர். மறை பொருளாகப் போற்றிய செய்தியை, பெருந்தயக்கத்தின் பின்னரே காணியர் வெளியிட்டனர். 'ஆரோக்கியப்பச்சை' என்னும் பெயர் உலகறிய வந்தது அதன் பின்னரே.

1979-இல் பாலோட்டில் நிறுவப்பெற்ற வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம், அச்செடியின் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியன சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கிற்று. கோவை ஆரிய வைத்திய நிறுவனம் அதனைச் செய்யும் உரிமையை 10 இலட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் நூற்றுக்கு 2 பங்குக்கும் பெற்றது. அவ்வருவாயில் பாதி காணியர்க்கு என்று முடிவாயிற்று. 1997-இல் அவர்க்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. பழங்குடியினர் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி நிகழ்ச்சி என உலகம் இதனைப் பாராட்டியது, நாமும் பாராட்டுகிறோம்.

ஆயினும் நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. மருந்துக்கு வேண்டியது இலை. இலையைக் கொய்தால் செடி மீண்டும் தழைக்கும். எனவே காணியர் தம் குடிலை அடுத்த நிழலில் அதனைப் பயிர் செய்தால், காடும் பிழைக்கும், அவர்க்குக் கூலியும் கிட்டும் என்பது நிறுவனத்தாரின் எண்ணம். ஊர்ப்புறத் தோட்டத்தில் அதனை நட்டுப் பயனில்லை. காட்டுச் சூழலை விட்டுப் பிரிந்தால் மருந்தாற்றல் குறையும் என ஆய்வாளர் கருதினர். 1994 முதல் 1996 வரை ஏறத்தாழ 50 குடும்பங்கள் பயிரிட்டன.

அவ்வேளையில் வனத்துறை தடை எழுப்பிற்று. முற்றத்தில் வளர்ந்த இலை எது, காட்டில் பறித்த இலை எது என்று எவ்வாறு பிரித்தறிவது? வேரொடு பெயர்த்துச் செல்வார் பெருகினால் அருஞ்செடி அழியுமே என்னும் அச்சத்தையும் நாம் புறக்கணித்தற்கு இல்லை. எனினும் அத்தடையால் முதலில் கைகட்டி நின்றவர் திருடர் அல்லர். செடியைப் பேணத் தெரிந்தவரே. அறிவுக்கு விலை பேசிய ஒப்பந்தம், அவ்வறிவை விதைக்கும் நிலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2002-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் இம்முயற்சிக்குப் பரிசு வழங்கப்பெற்றபோதும், குடிலருகே அச்செடியை நட்டு இலை விற்கும் உரிமை காணியர்க்குத் தெளிவாக உறுதிப்படவில்லை.