குலசை தசரா வேட ஆயுதங்கள்

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேடம் கட்டும் பக்தர்கள் ஏந்தும் சூலம், வாள், கேடயம் முதலியவை. காப்புக் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை பெற்று, பத்தாம் நாள் இரவு கடற்கரைச் சூரசம்ஹாரத்துக்கு வந்து சேர்வார்கள். இரும்பு ஆயுதங்களுக்குக் காவல்துறை தடை விதிப்பதால் அட்டையும் மரமும் மெல்லிய தகரமும்தான் மூலப்பொருள், மேலே ஜிகினாத்தாள்.

காளி வேடமே கடினம். கூடுதல் கைகள் முதுகுச் சட்டத்தில் நிற்கும். பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் இறங்கினால்தான் மணிக்கணக்கில் ஆட முடியும். மகுடத்திலோ சூலத்திலோ விளக்கு வைப்பவர் பேட்டரியை இடுப்புக் கச்சையில் செருகி, வயரைச் சடைமுடிக்குள் ஓட்டுவது நல்லது. வியர்வையும் உப்புக்காற்றும் முறுக்கிவிட்ட இணைப்பைச் சீக்கிரம் அரித்துவிடும். ஈயம் பற்றவைத்து உறை மாட்டினால் தாங்கும்.

அசையும் உறுப்புக்குச் சிறந்த சான்று, சூரசம்ஹாரத்தில் அம்மன் வதைக்கும் அசுரனான மகிஷாசுரனின் உருவம். கழற்றி மாட்டும் தலைகளால் அவன் சிங்கமுகமாகவும் எருமைமுகமாகவும் மாறுகிறான். அம்மனின் சூலம் பட்டதும் ஒவ்வொரு தலையாக அகற்றப்படும். மோட்டார் கிடையாது, ஆட்களின் கைவேகமே. கூட்டம் மூச்சடக்கிப் பார்க்கும் அந்த நொடிக்கு நிகராக எந்த இயந்திரத்தையும் சொல்ல முடியாது.

மறுநாள் காப்பு அவிழ்த்ததும் வேடம் கலையும்.