ஒரே மைக், இரண்டு குரல்கள்

1980ஆம் ஆண்டு மே மாதம், மொனாக்கோ கிராண்ட் பிரி. பிபிசி தொலைக்காட்சிக்காக மர்ரி வாக்கர் வர்ணனை செய்துகொண்டிருக்க, பக்கத்து இருக்கையில் ஜேம்ஸ் ஹன்ட். ஒரு காலில் மாவுக்கட்டு. அந்தக் காலைத் தூக்கி வாக்கரின் மடியில் வைத்துக்கொண்டார் ஹன்ட். பந்தயம் முடிவதற்குள் இரண்டு பாட்டில் ஒயினையும் குடித்து முடித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் பட்டம் வென்ற மனிதர் நேரலையில் வர்ணனைக்கு உட்கார்ந்த முதல் நாள் அது.

வாக்கருக்கு அப்போது 56 வயது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர்; வார நாட்களில் விளம்பர நிறுவனத்தில் வேலை, வார இறுதியில் மைக். எதையும் முன்கூட்டியே படித்துத் தயாராக வருபவர். ஹன்டுக்கு 32 வயது. பந்தயம் தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் வந்து சேர்வார். ஒத்தே வராது என்று தோன்றிய இந்த ஜோடி 13 ஆண்டுகள் நீடித்தது. பந்தய ஓட்டுநர் ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு மைக் முன்னால் என்ன செய்ய முடியும் என்பதை பிரிட்டிஷ் ரசிகர்கள் இவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஓட்டியவரே பேசுவது அதற்கு முன்பும் இருந்ததுதான். மர்ரி வாக்கரின் தந்தை கிரஹாம் வாக்கர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1931இல் மேன் தீவின் புகழ்பெற்ற டிடி பந்தயத்தில் லைட்வெய்ட் பிரிவில் வென்றவர். பந்தயத்தை விட்டபின் பிபிசி வானொலியில் வர்ணனையாளரானார். மகனும் அந்த வேலைக்கு வர, 1962இல் தந்தை இறக்கும்வரை இருவரும் சேர்ந்தே மோட்டார் சைக்கிள் பந்தயங்களை வர்ணித்தார்கள். மேன் தீவின் பந்தயப் பாதை ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வர்ணனையாளரின் கண்ணுக்கு அதில் ஒரு துண்டுதான் தெரியும். வண்டி கடந்து போனதும் அடுத்தது வரும்வரை கேட்பவரின் மனதில் படத்தை அழியவிடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

தொலைக்காட்சி வந்ததும் அந்த வேலையின் பாதியைக் கேமரா எடுத்துக்கொண்டது. யார் முன்னே, யார் பின்னே என்பதைப் பார்ப்பவரே பார்த்துவிடுகிறார். அவருக்குத் தெரியாதது காரணம்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் ஏன் திடீரென்று வேகம் குறைகிறது? பின்னால் வருபவர் ஏன் முந்தாமல் காத்திருக்கிறார்? அதைச் சொல்ல, அந்த இருக்கையில் உட்கார்ந்து ஓட்டிய ஒருவர் வேண்டும். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி இதை முன்பே புரிந்துகொண்டது. மூன்று முறை உலக சாம்பியனான ஜாக்கி ஸ்டூவர்ட்டை 1970களிலேயே தன் வர்ணனைக் குழுவில் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தில் அந்த இடத்துக்கு வந்தவர் ஹன்ட்.

1947இல் பிறந்த ஹன்ட், பங்குத் தரகர் ஒருவரின் மகன். மருத்துவராக வேண்டியவர் பந்தயத்தின் பக்கம் திரும்பினார். ஆரம்ப நாட்களில் அடிக்கடி காரை மோதிவிடுவார் என்பதால் அவர் பெயரோடு விபத்தையும் சேர்த்துக் கேலிப்பெயர் வைத்தார்கள். 1973இல் ஹெஸ்கெத் பிரபு என்ற இளம் செல்வந்தரின் சொந்த அணியில் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்தார். காரில் எந்த நிறுவனத்தின் விளம்பரமும் கிடையாது. பெரிய அணிகள் இவர்களை விளையாட்டுப் பிள்ளைகளாகத்தான் பார்த்தன. 1975இல் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட் தடத்தில் ஃபெராரியின் நிக்கி லாடாவைப் பின்னுக்குத் தள்ளி ஹன்ட் வென்றபோது அந்தப் பார்வை மாறியது. ஆனால் ஹெஸ்கெத்தின் பணம் அந்த ஆண்டோடு தீர்ந்துபோனது. அதே நேரத்தில் எமர்சன் ஃபிட்டிபால்டி மெக்லாரனை விட்டு விலக, காலியான இடம் ஹன்டுக்குக் கிடைத்தது.

1976ஆம் ஆண்டின் கதை பலருக்கும் தெரியும். 2013இல் ‘ரஷ்’ என்று திரைப்படமாகவும் வந்தது. ஸ்பெயினில் ஹன்ட் வென்றார், கார் 1.8 சென்டிமீட்டர் கூடுதல் அகலம் என்று வெற்றியைப் பறித்து, மேல்முறையீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். பிரிட்டனில் வென்றதைப் பிறகு பறித்தே விட்டார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் லாடாவின் கார் தீப்பிடித்தது. உயிருக்குப் போராடிய லாடா ஆறே வாரத்தில் ஆறாத புண்களோடு மோன்ஸாவுக்குத் திரும்பி நான்காவதாக வந்தார்.

கடைசிப் பந்தயம் அக்டோபர் 24, ஜப்பானின் ஃபுஜி. லாடா மூன்று புள்ளிகள் முன்னிலை. மழை கொட்டியது. இந்த நிலையில் ஓட்டுவது தற்கொலை என்று முடிவெடுத்து, இரண்டு சுற்றுகளோடு லாடா காரை நிறுத்திவிட்டார். முன்னணியில் போய்க்கொண்டிருந்த ஹன்டின் டயர் காய்ந்துவந்த தடத்தில் தேய்ந்து, கடைசிச் சுற்றுகளில் காற்றும் இறங்கியது. பிட்டுக்குள் வந்து டயர் மாற்றிவிட்டுப் போனவர் ஐந்தாம் இடத்தில் இருந்தார். எத்தனையாவது இடம் என்று தெரியாமலேயே வெறியோடு ஓட்டி இரண்டு பேரை முந்தினார். கொடி விழுந்ததும் காரிலிருந்து குதித்து, அணித் தலைவர் டெடி மேயரிடம் கோபமாகக் கத்தத் தொடங்கினார். மேயர் மூன்று விரல்களைக் காட்டினார். மூன்றாம் இடம், நான்கு புள்ளிகள். 69க்கு 68 என்று ஒரே புள்ளியில் ஹன்ட் உலக சாம்பியன். அதை நம்பவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

வெளியே ராஜகுமாரனைப் போலத் தெரிந்த ஹன்ட், ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் பதற்றத்தில் வாந்தி எடுப்பவர். 1978 செப்டம்பரில் மோன்ஸாவில் பந்தயம் தொடங்கியவுடன் பல கார்கள் மோதிக்கொண்டன. எரிந்துகொண்டிருந்த காரிலிருந்து தன் நண்பர் ரோனி பீட்டர்சனை இழுத்து வெளியே போட்டவர்களில் ஹன்டும் ஒருவர். மறுநாள் பீட்டர்சன் இறந்துபோனார். அடுத்த ஆண்டு வுல்ஃப் அணிக்கு மாறிய ஹன்ட், மொனாக்கோவோடு பந்தயத்தை நிறுத்தினார். வயது 31, வெற்றிகள் 10. உயிரோடு இருக்க விரும்பியதால் விலகினேன் என்பதை அவர் மறைக்கவில்லை.

பிபிசியின் ஜோனதன் மார்ட்டின் அவரை வர்ணனைக்கு அழைத்தது இந்தச் சமயத்தில்தான். இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிடக் கூடாது என்று ஒரே ஒரு மைக்கைக் கொடுத்தார்கள். வாக்கர் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பேசுவார்; பந்தயம் சூடுபிடித்தால் குரல் உச்சத்துக்குப் போய்விடும். ஹன்ட் உட்கார்ந்திருப்பார். பேச வேண்டும் என்று தோன்றினால் கையை நீட்டுவார். ஒருமுறை மைக்கை வெடுக்கென்று பிடுங்க, வாக்கர் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து அடிக்கக் கை ஓங்கிவிட்டார். பக்கத்திலிருந்தவர் தடுத்ததால் அடி விழவில்லை.

நேரலையில் கேட்டதோ வேறு மாதிரி இருந்தது. வாக்கர் படபடவென்று நடப்பதைச் சொல்வார். அவசரத்தில் பெயரை மாற்றிச் சொல்வார். ஒருவர் வெல்லப் போவதாகச் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தக் கார் புகைவிட்டு நிற்கும். பிறகு ஹன்டின் தணிந்த குரல் வரும். முன்னால் போகிறவரின் பின் டயர்கள் பிடிமானத்தை இழக்கின்றன, அதனால் வளைவைவிட்டு வெளியேறும்போது காரைத் திருத்த வேண்டியிருக்கிறது, இன்னும் சில சுற்றுகளில் அவரைப் பிடித்துவிடுவார்கள் என்று ஓட்டுநரின் கண்ணால் பார்த்துச் சொல்வார். திறமையில்லாமல் ஓட்டுபவரைத் திறமையில்லாதவர் என்றே சொல்லிவிடுவார். 1989 மொனாக்கோவில் ரெனே ஆர்னூ மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தவர்களுக்கு வழிவிடாமல் போனார். டர்போ இல்லாத புதிய எஞ்சின் தனக்குப் பழகவில்லை என்று ஆர்னூ காரணம் சொன்னதாக வாக்கர் பரிவோடு எடுத்துச் சொன்னார். நேரலை என்றும் பாராமல் ஹன்ட் அதற்கு ஒரு கெட்ட வார்த்தையில் பதில் சொன்னார்.

அந்த நேர்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பீட்டர்சன் இறந்த மோன்ஸா விபத்துக்குச் சக ஓட்டுநர் ரிக்கார்டோ பத்ரேசேதான் காரணம் என்று ஹன்ட் உறுதியாக நம்பினார். இத்தாலிய நீதிமன்றம் பின்னாளில் பத்ரேசேவைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஹன்ட் விடவில்லை. பத்ரேசே திரையில் தெரிந்தாலே குத்திப் பேசுவார். ஆண்டுக்கணக்காக இது நடந்தது. காரை ஓட்டிய அனுபவம் கண்ணைத் திறந்துவிடுவதைப் போலவே, நண்பனை இழந்த துக்கம் அதைக் கட்டியும் விட்டது. வர்ணனையாளராக ஹன்டின் பெரிய குறை இதுதான். ரசிகர்கள் இதற்காக அவரை மன்னித்திருக்கலாம். பத்ரேசேவுக்கு இழைத்த அநியாயம் அநியாயம்தான்.

கடைசி ஆண்டுகளில் ஹன்ட் மாறிப்போனார். முதலீட்டில் பெரும் பணத்தை இழந்து, பழைய ஆஸ்டின் வேனிலும் சைக்கிளிலும் போய்வந்தார். குடியையும் சிகரெட்டையும் விட்டார். வீட்டில் பட்ஜி கிளிகள் வளர்த்தார். வாக்கரோடும் நட்பு மலர்ந்தது. 1993 ஜூன் 13 அன்று கனடா பந்தயத்தை வர்ணித்தார். இரண்டு நாள் கழித்து, விம்பிள்டன் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 45.

அந்த நாற்காலிக்குச் சாம்பியன் பட்டம் கட்டாயமல்ல என்பதைக் காட்டியவர் மார்ட்டின் பிரண்டில். 158 ஃபார்முலா ஒன் பந்தயங்கள், ஒன்றில்கூட வெற்றி இல்லை. 1990இல் ஜாகுவார் காரில் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அணியில் இருந்தார். 1996 மெல்பர்னில் அவருடைய ஜோர்டன் கார் முதல் சுற்றிலேயே காற்றில் பறந்து, தலைகீழாக விழுந்து இரண்டு துண்டானது. இறங்கிய பிரண்டில், மருத்துவரின் அனுமதி வாங்கி மாற்றுக் காரில் ஏறுவதற்காக பிட்டை நோக்கி ஓடினார். அடுத்த ஆண்டு ஐடிவி தொலைக்காட்சியில் வாக்கரின் பக்கத்தில் உட்கார்ந்தார். பந்தயம் தொடங்குமுன் வரிசையில் நிற்கும் கார்களுக்கு நடுவே மைக்கோடு நடந்து, ஓட்டுநர்களையும் பொறியாளர்களையும் மடக்கிக் கேள்வி கேட்கும் பகுதியை 1997இல் சில்வர்ஸ்டோனில் தொடங்கினார். நல்ல கார், மோசமான கார், உடைந்த கார் எல்லாவற்றையும் ஓட்டியவர் என்பதால், கடைசி வரிசையில் தவிப்பவனின் நிலையையும் அவரால் விளக்க முடிந்தது.

அந்த வரிசையில் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். 1984இல் சென்னையில் பிறந்த கருண் சந்தோக்கின் தாத்தா இந்து சந்தோக், இந்திய மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். தந்தை விக்கி சந்தோக்கும் பந்தய வீரர். போர்க்காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் கார்கள் சீறிய காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்குப் பந்தயத்தோடு உறவு. கோவையின் நரேன் கார்த்திகேயனுக்கு அடுத்து ஃபார்முலா ஒன் ஓட்டிய இரண்டாவது இந்தியர் கருண்.

2010 பஹ்ரைனில் ஹெச்ஆர்டி அணிக்காக அவர் களமிறங்கியபோது, கார் பயிற்சிச் சுற்றுகளுக்குத் தயாராகவே இல்லை. தகுதிச் சுற்றில்தான் அந்தக் காரை முதன்முறையாக ஓட்டினார். அந்த ஆண்டு 10 பந்தயங்கள், 2011இல் லோட்டஸ் அணிக்காக ஒன்று, மொத்தம் 11. சிறந்த இடம் 14. பிறகு பிபிசி வானொலி, சேனல் 4, 2019 முதல் ஸ்கை ஸ்போர்ட்ஸ். திரையில் ஒரு சுற்றை நிறுத்தி நிறுத்திக் காட்டி, இருவரில் ஒருவர் எந்த வளைவில் எதனால் நேரத்தை இழந்தார் என்று அவர் பிரித்துச் சொல்வதை இன்று பல நாட்டு ரசிகர்கள் கேட்கிறார்கள். 11 பந்தயங்களில் கிடைக்காத பெயரை இந்த வேலை அவருக்குத் தந்திருக்கிறது.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. சோழவரத்தில் ஓட்டியவர்களும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டியவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அடுத்த பந்தயத்தை ஒளிபரப்பும் தமிழ்த் தொலைக்காட்சிகள் அவர்களில் ஒருவரை அழைத்து, வர்ணனையாளரின் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் மைக்கைக் கொடுக்க வேண்டும்.