தண்டையல்களும் பாய்க்கப்பல்களும்

பட்டினப்பாலையைப் படிக்கும்போது காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் வந்து குவிந்த பண்டங்களை எண்ணி நாம் பூரித்துப் போகிறோம். ஈழத்திலிருந்து சென்ற உணவுப் பொருளும் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கடல் வாணிபம் நமக்கு மனப்பாடம். ஆனால், நமது பாட்டன், பூட்டன் காலத்தில் அதே கடலை ஓடிக் கடந்தவர்களைப் பற்றி நாம் எவ்வளவு அறிவோம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய துறைகள் பாய்மரங்களால் நிறைந்திருந்தன. எதிர்க்கரையில் நாகபட்டினம், நாகூர், காரைக்கால். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கும், பனைமரம் தென்னிந்தியக் கரைக்கும் போயின. திரும்பி வருகையில் நெல்லும் அரிசியும் வந்தன. 1852ஆம் ஆண்டில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாகி, அங்கே நெற்செய்கை பெருகியபோது, இரங்கூன் அரிசியும் தேக்கும் இக்கப்பல்களைத் தேடி வந்தன. வேம்பிலும் இலுப்பையிலும் கப்பல் கட்டும் மேத்திரிமார் வல்வெட்டித்துறையில் இருந்தார்கள். வெள்ளைக்காரரின் கப்பல்களைக் கண்ணாற் பார்த்தே அவற்றின் பாயமைப்பைத் தமதாக்கிக் கொண்டவர்கள் அவர்கள்.

கப்பலின் தலைவனுக்குத் தண்டையல் என்று பெயர். காற்றின் குணம் அறிவதே அவனது முதற்பாடம். சோழகம் வீசும் மாதங்களில் பாய் விரித்து வடகிழக்கே பர்மாவுக்குப் போவான். வாடை பிறந்ததும் அதன் முதுகிலேறித் திரும்புவான். இடையில் ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்குத் தப்ப வேண்டும். நாள் தவறிப் புறப்பட்ட கப்பலுக்காகக் கரையில் காத்திருந்த பெண்களின் கதை தனிக்கதை.

கரை மறைந்த பின் வழி காட்டியது எது? 1850இல் கொங்கிறீவ் என்ற ஆங்கிலேயர் சென்னையில் வெளியான ஓர் ஆய்வுச் சஞ்சிகையில், சோழமண்டலக் கரை மாலுமிகளின் கருவியொன்றை விவரித்தார். கைக்குள் அடங்கும் ஒரு சிறு பலகை. அதன் நடுவே ஒரு நூல். நூலிலே முடிச்சுகள். அவ்வளவுதான்! நூலைப் பல்லிலே கடித்து, பலகையைக் கண்ணுக்கு நேரே பிடிப்பான் தண்டையல். பலகையின் கீழ் விளிம்பு கடலின் தொடுவானத்தையும், மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொட வேண்டும். அப்போது பல்லில் இருக்கும் முடிச்சு எதுவோ, அதுவே கப்பல் நிற்கும் அகலக்கோடு.

இதன் கணக்கு எளிது. வடக்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் உயரும்; பலகை கண்ணுக்கு அருகே வரும். தெற்கே வர வர அது தாழும், பலகை விலகும். இரங்கூன் ஏறக்குறையப் பதினேழாம் பாகையில் இருக்கிறது. பருத்தித்துறை பத்தாம் பாகைக்குச் சற்றுத் தெற்கே. பர்மாவிலிருந்து வரும் தண்டையல், தன் ஊரின் முடிச்சுக்கு நட்சத்திரம் தாழும் வரை தெற்கே வருவான். பின் மேற்கே திரும்பினால் ஊர் தானாக எதிர்ப்படும். பிறந்த ஊரை ஒரு முடிச்சாகப் பல்லிடையே வைத்திருந்தவன் அவன்!

மொழியிலும் இவர்களின் தடம் உண்டு. மாலுமி என்ற சொல், ஆசிரியன் என்று பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. சுக்கானும் அரபுதான். நங்கூரம் பாரசீகம். கொடுக்காமலும் இருக்கவில்லை; மலாய் மொழியின் 'காப்பல்' நமது கப்பல்தான். நமது கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கற்றமரான்' ஆயிற்று. கடலோடிகள் சரக்கோடு சொற்களையும் ஏற்றி இறக்கினார்கள்.

நீராவிக் கப்பல்கள் வந்தன. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. தபாலும் பயணிகளும் பாய்க்கப்பலை விட்டுப் போயினர். ஆயினும் கலை உடனே அழிந்துவிடவில்லை. 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி'யை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வை மாலுமிகள் அதை ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்ட் முதலாம் திகதி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையில் சேர்த்தனர். தம் பாட்டன்மாரின் கைவினை உலகின் மறுபுறம் வரை தாங்கும் என்று காட்டினர். 1942இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி வழியும் அடைபட்டது.

கப்பல் உடைமையாளர் பொருள் தந்த கோயில்கள் இன்றும் நிற்கின்றன. வல்வைச் சிவன் கோயிலே சான்று. ஆனால் தண்டையல் கல்வெட்டு எதுவும் வைக்கவில்லை. வழிநூல் எழுதி அச்சிடவுமில்லை. அவனது கருவியை எழுதி வைத்ததும் ஓர் அந்நியனே. வாய்மொழியாக மகனுக்குச் சொன்னதைப் போரும் இடப்பெயர்வும் சிதறடித்தன.

நேயர்களே! உங்கள் வீட்டுப் பழைய றங்குப் பெட்டியில் செல்லரித்த கணக்குக் கொப்பியொன்று கிடந்தால், எறிந்துவிடாதீர்கள். அரிசி மூட்டைக் கணக்கின் ஓரத்தில், ஒரு தண்டையலின் பெயர் இருக்கக்கூடும்.