மலைக்கும் ஒரு சரித்திரம் உண்டு

மலையின் உயரத்தை அளப்பவர் புவியியலாளர். அதன் பாறையின் வயதைக் கணிப்பவர் நிலவியலாளர். அதன் உச்சியில் கால் பதிப்பவர் மலையேறும் வீரர். இம்மூவருக்கும் அப்பால் நான்காமவர் ஒருவரும் உளர். மனிதர் ஏன் மலையைக் கண்டு அஞ்சினர், ஏன் வணங்கினர், எந்நோக்குடன் ஏறினர் என்று வினவும் வரலாற்றாசிரியரே அவர். மலை அசையாது நிற்பது. மலையைப் பற்றிய மனிதனின் எண்ணமோ காலந்தோறும் அசைந்து வந்திருக்கிறது. அவ்வெண்ணத்தின் சரித்திரத்தை ஆராய்ந்த அறிஞர்களைப் பற்றியும், அவ்வாராய்ச்சி எமக்குக் கற்பிக்கும் பாடத்தைப் பற்றியும் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

மலையேற்றத்தின் கதையை மேலைநாட்டார் பெரும்பாலும் அல்ப்ஸ் மலையிலிருந்தே தொடங்குவர். 1786ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் நாள் பக்கார் என்னும் மருத்துவரும் பால்மா என்னும் மலைவாசியும் மொன் பிளாங்கு சிகரத்தை அடைந்தனர். 1857இல் இலண்டனில் அல்பைன் கழகம் நிறுவப்பட்டது. அதற்கு முன்னர் மலையை ஐரோப்பியர் எவ்வாறு நோக்கினர் என்பதை அமெரிக்கப் பேராசிரியை மார்ஜரி ஹோப் நிக்கல்சன் 1959இல் வெளியிட்ட ஒரு பெருநூலில் ஆராய்ந்தார். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஆங்கிலப் புலவர் பலருக்கு மலை என்பது பூமியின் முகத்திலே தோன்றிய மருவாகவும் கட்டியாகவுமே தென்பட்டது என்றும், அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுகளுக்குள் அதுவே வியப்புக்கும் உன்னதத்துக்கும் உறைவிடமாயிற்று என்றும் அவர் காட்டினார். பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் இக்கருத்தைத் திருத்தியும் மறுத்தும் எழுதியுள்ளனர். எனினும், மலையழகு என்பது எல்லாக் கண்களுக்கும் எக்காலத்தும் ஒரே விதமாகத் தோன்றுவதன்று என்ற உண்மையை நிலைநாட்டிய பெருமை அவருடையதே.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஐரோப்பாவின் கதையை உலகத்தின் கதையாகக் கொள்ளலாகாது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சியெனப் பெயர் பெற்று, சேயோனுக்கு உரிய நிலமென்று தொல்காப்பியத்திலேயே வகுக்கப்பட்ட மொழியில், மலை ஒருநாளும் மருவாக இருந்ததில்லை. கீழைநாட்டு மலைகளுக்கு வேறு சரித்திரம் உண்டு. அதனை எழுதுவதற்கு வேறு வகையான கல்வியும் வேண்டும்.

அத்தகைய கல்வி கைவரப்பெற்றவர் எமது நாட்டு அறிஞர் சேனரத் பரணவிதான. 1896இல் பிறந்த அவர், ஒல்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1940 முதல் 1956 வரை இலங்கைத் தொல்பொருளியல் ஆணையாளராகவும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தொல்பொருளியற் பேராசிரியராகவும் விளங்கினார். அவர் ஆய்ந்த துறைகள் பல. அவற்றுள் இரண்டு மலைகள் அவருடைய வாழ்வில் தனியிடம் பெற்றன.

முதலாவது சிகிரியா. சமவெளியின் நடுவே ஏறக்குறைய 600 அடி எழுந்து நிற்கும் அக்குன்றின்மேல் 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் மாளிகை அமைத்தான். தந்தையைக் கொன்றவன் அச்சத்தினால் குன்றேறி ஒளித்தான் என்பதே வழிவழி வந்த கதை. பரணவிதானவோ 1950இல் வேறொரு விளக்கம் தந்தார். கைலை மலையிலே குபேரன் வாழும் அளகாபுரியைப் பூமியில் சமைத்து, தன்னைத் தெய்வ அரசனாகக் காட்டிக்கொள்ளவே மன்னன் அங்கு ஏறினான் என்பது அவருடைய துணிபு. அரசன் மறைந்த பின்னரும் அக்குன்றில் ஏறியவர் பலர். 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை அங்குச் சென்றோர் கண்ணாடிச் சுவரிற் கீறிச் சென்ற 685 பாடல்களை அவர் படித்தெடுத்து 1956இல் பதிப்பித்தார். துறவிகளும் பெண்களும் பல நிலைகளிலுள்ள ஆடவரும் ஓவியத்தைக் காண்பதற்காகவே குன்றேறினர் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறு யாது?

இரண்டாவது சிவனொளிபாத மலை. 7,359 அடி உயரமுள்ள அச்சிகரத்தின் அடிச்சுவடு சைவருக்குச் சிவபெருமானுடையது; பௌத்தருக்குப் புத்தர்பிரானுடையது; முஸ்லிம்களுக்கு ஆதி பிதா ஆதமுடையது; கிறித்தவருட் சிலர் அதனைத் தோமையாருடையது என்பர். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விசயபாகு மன்னன் யாத்திரிகர் படும் துயரறிந்து அவர்களுக்கு அன்னதானம் நிகழக் கிராமங்களை நிவந்தமாக அளித்ததை அம்பகமுவச் சாசனம் கூறும். 1958இல் வெளியிட்ட நூலில் பரணவிதான, பௌத்தம் வருவதற்கு முன்னரே அம்மலையில் வழிபடப்பெற்ற தெய்வம் ஒன்று உண்டென்றும், சமன் தேவன் எனப்படும் அத்தெய்வம் ஆதியில் யமனே என்றும் வாதித்தார். அம்முடிபை எல்லோரும் ஏற்றாரல்லர். ஆயினும், ஒரு மலையின் கதையில் அடுக்கடுக்காகப் பல காலங்கள் படிந்துள்ளன என்று காணும் முறையை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

இம்மலையில் ஏறிய அந்நியருள் சிறப்பாகக் குறிக்கத்தக்கவர் அராபியப் பயணி இபுன் பதூதா. 1344இல் புத்தளத்தில் இறங்கிய அவரை அப்போது ஆரியச் சக்கரவர்த்தி வரவேற்றான். பல்லக்கொன்று கொடுத்து, நான்கு யோகிகளையும் மூன்று பிராமணரையும் தன் தோழர் பதின்மரையும் உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் துணையாக அனுப்பினான். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவருக்குத் தமிழ் மன்னன் ஒருவன் யோகிகளை வழித்துணையாக்கிய செய்தி, இன்று நாம் மனங்கொள்ளத்தக்கது. மலைக்கு இரு பாதைகள் இருந்தன என்றும் அவர் எழுதுகிறார். ஒன்று எளிது, மற்றது கடிது. எளிய பாதையால் ஏறியவன் யாத்திரை செய்தவனாகக் கருதப்பட மாட்டான். இறங்குவதற்கே அது பயன்பட்டது. கடிய பாதையில் பத்துச் சங்கிலிகள் தொங்கின. அடைந்தால் போதாது, அடையும் வழியும் நேரியதாக இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய மலையேறுவோர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்துக்கொண்ட அறத்தை, எமது மலையின் யாத்திரிகர் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர்.

ஏறாதிருப்பதும் மலையேற்றத்தின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயமே. 1955இல் காஞ்சன்ஜங்கா சிகரத்தை முதன்முதல் எட்டிய பிரித்தானிய வீரர், சிக்கிம் மக்கள் அதனைப் புனிதமெனக் கொண்டிருந்தமையால், கொடுத்த வாக்கின்படி உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டனர். இதனைக் கேட்கும் தமிழர்க்குக் காரைக்காலம்மையார் நினைவுக்கு வருவார். ஈசன் உறையும் கைலையைக் காலால் மிதித்தல் தகாதென்று தலையால் நடந்து சென்றவர் என்பதன்றோ அவர் வரலாறு!

பரணவிதானவின் வாழ்விலிருந்து கற்கவேண்டிய பாடம் இன்னொன்றும் உண்டு. தம் இறுதிக் காலத்தில் அவர், பழைய சாசன வரிகளின் இடையே நுண்ணிய எழுத்தில் வேறு நூல்கள் பொறிக்கப்பட்டிருப்பதாகக் கூறி, அவற்றின் துணைகொண்டு சிகிரியாவின் கதையையே புதிதாக எழுதினார். அந்நூல் அவர் மறைந்த 1972ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அவ்வெழுத்துகளைப் பிறர் கண்ணாற் காண முடியவில்லை. ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன முதலிய வரலாற்றாசிரியர், ஆசானிடம் கொண்ட மதிப்புக் குறையாமலே, அச்சான்றுகளை ஏற்க மறுத்தனர். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்பதுமில்லை; ஒன்றில் தவறினார் என்பதற்காக அவர் செய்த நற்பணி அனைத்தையும் தள்ளுவதுமில்லை. செங்குத்தான பாறையில் ஏறுபவனுக்குச் சங்கிலி எவ்வாறோ, வரலாற்றாசிரியனுக்குச் சான்று அவ்வாறே. கை நழுவினால், எவ்வளவு உயரம் ஏறியவனும் வீழ்வான்.

திருக்கோணமலையில் வாழும் எமக்கு இவை தொலைவிலுள்ள செய்திகள் அல்ல. கடலின்மேல் எழுந்து நிற்கும் கோணேசர் மலையைத் தட்சிண கைலாசம் என்று எம் முன்னோர் அழைத்தனர். காசியப்பன் தன் குன்றின்மேல் கைலையைக் கண்டான் என்று பரணவிதான கருதினாரே, அதே கைலையை இங்கே அடியார் கடற்பாறையின்மேற் கண்டனர். 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய தலம் இது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர், கோட்டை எழுந்தது, 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் கோயில் எழுந்தது. இவ்வளவு மாற்றத்துக்கிடையிலும் மக்கள் ஏறுவதை நிறுத்தவில்லை. அன்புவழிபுரத்துப் பிள்ளைகளும் அயலூர்ப் பிள்ளைகளும் இன்றும் அப்படிகளில் ஏறுகின்றனர்.

மலையின் கதை ஏறிய எல்லோருக்கும் உரியது. ஒரு கூட்டத்தார் தமக்கே என்று எழுதினால் அது சரித்திரமாகாது. சான்றின்றி எழுதினாலும் அது சரித்திரமாகாது. எம்மூர் முதியோர் தாம் ஏறிய காலத்தைப் பற்றிச் சொல்வதை மாணவர் ஓர் ஏட்டில் எழுதி, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதையும் உடன் குறித்து வைப்பார்களாயின், நாளைய பேராசிரியர் ஒருவருக்கு அதுவே முதற்படியாக அமையும்.